சிவப்பு வளையம் போட்ட மரங்கள்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மதியம். சின்னசேலத்தைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் காகித ஆலைக்கு மரம் வாங்கும் ஏஜென்ட் ஒருவரும், அவருக்குத் தைலமரம் வளர்த்துக் கொடுக்கும் விவசாயி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“எவ்ளோ பெரிய மரம். அநியாயமா வெட்டிட்டாங்களே!” என்றார் ஏஜென்ட்.

“நம்ம தோப்புல நீங்க செவப்பு வளையம் போட்டதுங்க இத விட ஒசரம் சார். வெட்டி முடிக்கவே ரெண்டு நாளாச்சி,” என்றார் விவசாயி.

ஏஜென்ட் உடம்போடு திரும்பினார். “இன்னாது? வளையம் போட்டத வெட்டிட்டீங்களா?”

“நல்ல மரமாப் பாத்து நீங்கதான போட்டுட்டுப் போனீங்க?”

“அது விதைக்கு வுடணும்னு போட்டதுய்யா! பேப்பர் வாங்குறவங்களக் கூட்டியாந்து, மரத்த அடியோட அழிக்கல, இதுங்கள எப்பவும் வெட்ட மாட்டோம்னு காட்டினேனே! அத நம்பித்தான ஆர்டர் குடுத்தாங்க!”

“ரோட்ட அகலப்படுத்தறப்ப பெயின்ட்டுல குறி போட்ட மரத்தத்தான சார் கவர்மென்ட்டு வெட்டுது? நானும் அப்பிடின்னு நெனச்சிக்கினு…”

“ஒண்ணாச்சும் நிக்குதா?”

“ஒண்ணு வுடல சார்.”

ஏஜென்ட் வாயில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: “திங்கக்கெழம அவங்க திரும்பப் பாக்க வராங்கய்யா. நான் இன்னாத்தக் காட்டுவேன்?”

விவசாயி கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: “வளையத்துக்கு மேலதான் சார் வெட்டினேன். அடிக்கட்டையில பெயின்ட் அப்பிடியே கீது.”