தங்கச்சியின் பினபோர்

மழையைக் கண்டு பல வாரமாகியிருந்தது. பங்சாரிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் மினி பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஓர் அம்மாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“என் மவன் இன்னிக்குத் தங்கச்சியோட நீல பினபோரப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டான், அக்கா!”

“ஐயையோ, பொம்பளப் புள்ளைங்க கவுனா? ஏம்மா?”

“வெயிலுக்குக் கால் முழுக்க மூடுற சிலுவார் வேணாம், அரைச் சிலுவார் போட விடுங்கன்னு பையனுங்க கேட்டிருக்கானுங்க. ஹெட்மாஸ்டர் முடியாது, யூனிஃபார்ம்தான் போடணும்னுட்டாரு. பினபோரும் யூனிஃபார்ம்தானேன்னு ஒரு கூட்டமே கிளம்பிருச்சு. இவனுக்கு ஜிப் ஏறல, முதுகுல ஊக்கு!”

“ஸ்கூலுக்கு உன்னைக் கூப்பிட்டாங்களா?”

“கூப்பிடாம? பொம்பள உடுப்புல வந்திருக்கான், அசிங்கமா இல்லையாங்கிறாரு. எனக்கு வந்துச்சே கோவம்! ‘சார், அதத்தானே என் மவ தெனமும் போட்டுக்கிட்டு இதே ஸ்கூலுக்கு வர்றா, அப்ப அசிங்கமா தெரியலயா’ன்னு கேட்டுட்டேன்.”

நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் நின்றேன். காது மட்டும் பின்னால் இருந்தது.

“அப்புறம்?”

“நாளையிலேருந்து பையனுங்க அரைச் சிலுவார் போடலாமாம்.”

“அப்ப ஜெயிச்சாச்சு. இந்த வெயில்ல எங்க கிளம்பிட்ட?”

அந்த அம்மாள் எட்டி மணியை அழுத்தினார்.

“நூல் வாங்க. ‘அண்ணனோட நீட்டுச் சிலுவார் இனி சும்மாதானே கிடக்கும், ஸ்கூலுக்குச் சைக்கிள்ல போறவ நான், எனக்குக் குடு’ன்னு நிக்கிறா மவ. இடுப்பப் பிடிச்சுத் தெச்சுக் குடுக்கணும். ஹெட்மாஸ்டர் நாளைக்கும் கூப்பிடுவாரு. கூப்பிடட்டும்லா!”