அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம்

— அந்தப் பிள்ளை போட்ட ஒரே சத்தத்துல, தாயி, விருதுநகர் ஸ்டேஷன்ல கிளம்புன ரயிலே சடார்னு நின்னுபோச்சு!

— வேதமாணிக்கம் சார், வாத்தியார் வேலையில ரிட்டையர் ஆனா வாயும் ரிட்டையர் ஆகணும். பள்ளிக்கூடத்துல ஒண்ணும் நடக்கல. சூ, கோழி! வத்தலைக் கிளறுனே, மண்டையைப் பொளந்துருவேன்! சண்முகத்தாயி, நீ உள்ள போ.

— நான் ஏன் போகணும்? சொல்லுங்க சார். நேத்து உங்க கூடப் பள்ளிக்கூடத்து மீட்டிங் போயிட்டு வந்ததுல இருந்து இவரு சோத்துல கை வைக்கல.

— எப்படி வைப்பான்? பள்ளிக்கூடத்தை வாங்குன கம்பெனி, ரெண்டாப்பு கிளாஸ் நடுவுல அட்டைச் சுவர் வச்சிருக்குல்லா? இங்கன ஃபீஸ் கட்டுற பிள்ளைக. அங்கன சர்க்கார் குலுக்கல்ல இலவசமா வந்த பிள்ளைக.

— ஃபீஸ் கட்டுறவன் கேட்டான், வச்சாங்க. அதுக பேச்சு நம்ம பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கிடும்லா?

— கேட்டவன் நீதானலே! "வைக்கலைன்னா பிள்ளையை வேற பள்ளிக்கூடத்துல போட்டுருவேன்"னு சொன்ன. கஸ்டமர் போயிருவான்னு கரஸ்பாண்டன்ட் நடுங்கிட்டாரு.

— ஆத்தாடி! நம்ம மக அனுப்பிரியாவும் அழகுமீனாவும் ஒரே பெஞ்சுல இருந்ததுகளே. அதான் காலையில போகமாட்டேன்னு அம்புட்டு அழுகையா?

— நேத்து இடைவேளையில பிள்ளைக எல்லாம் அட்டைக்கு அந்தப் பக்கம் ஒண்ணா ஆடுதுக. பேச்சை வச்சே எது இலவசம்னு சொல்லுவியாலேன்னு உன் வீட்டுக்காரன்கிட்ட கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்னு மீசையை முறுக்குனான். ஒரு குரல் தேன் மாதிரி இங்கிலீஷ் பாட்டுச் சொல்லுச்சு. "இது ஃபீஸ் பிள்ளை"ன்னான். எட்டிப் பாத்தா அழகுமீனா! தீப்பெட்டி ஆபீஸ் பாண்டிலட்சுமி மக.

— புளுகு! இவர் கதைக்குத் திரியே வேண்டாம், தானா வெடிக்கும்.

— அடுத்து வந்துச்சு பாரு, அந்த ரயிலை நிறுத்துன சத்தம். "ஏலே, அங்கன என்னலே பாக்க? மண்டையைப் பொளந்துருவேன்!" உன் வீட்டுக்காரன் குதிச்சான். "இதான் சார் இலவசம், இந்த வாயாடியை மொதல்ல வெளிய அனுப்புங்க"ன்னான்.

— அது யாரு பிள்ளை சார்?

— அவனைக் கேளு. கேட்டவனே வந்து வேண்டாம்னு சொன்னாத்தான் கரஸ்பாண்டன்ட் அட்டையை எடுப்பாராம். இல்லைன்னா திங்கக்கிழமை இலவசப் பிள்ளைக வகுப்பையே சைக்கிள் ஷெட்டுக்கு மாத்திருவாங்களாம். அதுக்குத்தான் இந்த வெயில்ல உங்க வீட்டுக்கு நடையா நடந்து வந்தேன்.

— என்னங்க, வாயைத் தொறங்க. நடந்துச்சா, இல்லையா?

— ரயிலு ஒண்ணும் நிக்கல. மத்ததெல்லாம் நடந்துச்சு. நான் வெளிய அனுப்பச் சொன்னது… நம்ம அனுப்பிரியாவைத்தான். சட்டையை எடு, பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டு வாரேன்.