ஏழாம் நம்பர்

— எங்க அண்ணன் பேரையும் இன்னைக்குக் கூப்புடணும் சோலைமலை மாமா. அதக் கேக்கத்தான் வந்தேன்.

— இதக் கேக்கக் கூடாதுன்னு ஒங்கம்மா ஒனக்குச் சொல்லலையா பவுலின்?

— அஞ்சு வருசமா சொல்லுது. சோறு போடயில சொல்லும், வெளக்கு அமத்தயில சொல்லும். தீயணைக்கிற ஆளுங்ககிட்ட மட்டும் றோலண்டு பேர எடுத்துடாதன்னு. நான் பேராதனைக்குப் படிக்கப் பொட்டி தூக்கிட்டுப் போனப்பவும் புத்தியா படின்னு சொல்லல, இதத்தான் சொல்லுச்சு.

— அப்ப பெத்தவ சொல்லக் கேளு. ஏய் இக்னேசியஸ், அந்தச் செவப்பு வாளியெல்லாம் தொடச்சு மாட்டு. ஆறு மணிக்கு ஆளுங்க வந்துருவாங்க. பூவு வேற இன்னும் வரல.

— தொடச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் தலைவரே. பவுலின், கீழ ஈரம், சேலை நனையும் மகளே. அந்தப் பலகையில ஒக்காரு. பிளேன்டீ ஊத்தவா?

— வேணாம் சித்தப்பா. நான் ஒக்கார வரல. நாளைக்குக் காலையில அட்டன்ல ரயிலு, அப்பறம் தலைமன்னார்ல கப்பலு. அம்மாவும் நானும் இந்தியாவுக்குப் போயிட்டா இந்தத் தோட்டத்துல றோலண்டுக்காக யாரு கேப்பா? ஒரே ஒரு தடவ அவன் பேரு அம்மா காதுல விழணும்.

— கேளு புள்ள. இந்தத் தீயணைக்கிற கூட்டம் நேத்து மொளச்சது இல்ல. வெள்ளக்காரத் தொரை காலத்துலருந்து பன்னெண்டு ஆளு, ஆளுக்கொரு நம்பரு. வருசத்துக்கு ஒருநாளு, தீயில செத்தவனுங்க பேரக் கூப்புடுறோம். மாயாண்டியக் கூப்புடுறோம். ஒங்கப்பன் மரியரட்ணத்தக் கூப்புடுறோம். அறுபத்தெட்டுல நெருப்புக்குள்ள போயி ரெண்டு பேர இழுத்துப் போட்ட ஆளு. அந்த வரிசையில எவன வேணும்னாலும் சேக்க முடியாது.

— அண்ணன் எதுல செத்தான்? காய்ச்சல்லயா?

— தேயிலைத் தூளு திருடப் போயிச் செத்தான். என்னையச் சொல்ல வச்சுட்டியே.

— யாரு பாத்தா?

— பாக்க வேற வேணுமா? எழுபத்தேழுல தேயிலை அரைக்கிற இஸ்டோருல, கொழுந்து காயவைக்கிற ட்ரையர் ரூம்பு பத்திக்கிட்ட அன்னைக்கு, எல்லாரும் வெளிய வந்ததும் எண்ணுனது நாந்தான். ஒவ்வொரு நம்பராக் கூப்புட்டேன். பன்னெண்டுக்கும் ஓய்னு பதிலு வந்துச்சு. ஏழுக்கும் வந்துச்சு. ஆளு முழுசுன்னுதான் கதவச் சாத்தி வெளித் தாப்பாளப் போட்டோம், காத்து போகாம தீ அமுங்கட்டும்னு. மறுநா தொறந்தா இவன் உள்ள கெடக்கான், பக்கத்துல தேயிலைப் பொட்டி. எண்ணி முடிச்சப்பறம் பின்னால சன்னல் வழியாப் போயிருக்கான். வேற எதுக்குப் போவான்? தொரை கேட்டாரு. அதத்தான் சொன்னேன்.

— திருடப் போனவன் சன்னல்கிட்டல்ல கெடக்கணும். அண்ணன் கதவோட ஒட்டிக் கெடந்தான். கதவு உள்பக்கத்துல நகக்கீறலு இருந்துச்சுன்னு பெயிண்டு அடிச்ச அழகுமுத்து அண்ணன் சொன்னாரு.

— ஏழுக்குப் பதிலு வந்துச்சு. என் காதால கேட்டேன்.

— மொகத்தப் பாத்தீங்களா?

— பொகையில யாரு மொகந்தான் தெரிஞ்சுச்சு? கூப்புட்டா ஓய்னு வரணும். அதான் எங்க வழக்கம்.

— சரி. எங்கப்பா செத்தப்பறம் அவரு நம்பர யாருக்குக் குடுத்தீங்க?

— யாருக்கும் குடுக்க மாட்டோம். மகன் வந்து கேட்டாத்தான் குடுப்போம். அதுவரைக்கும் சனிக்கிழம சனிக்கிழம எண்ணயில, முன் நம்பருக்காரன் அவனுக்கும் சேத்து ஓய்ம்பான். எங்க ஆளு செத்தாலும் வரிசைய விட்டுப் போகலன்னு அர்த்தம். நல்ல வழக்கம் புள்ள அது.

— எங்கப்பாவுக்கு முன் நம்பரு?

— ஆறு. இந்தா, இக்னேசியஸ்தான். ஒங்கப்பனுக்குக் கூடப்பொறக்காத தம்பி. ஒம்போது வருசத்துல ஒரு சனிக்கிழம தவறல.

— அண்ணன் அந்த நம்பர வாங்கி எத்தன சனிக்கிழம?

— மூணு மாசந்தான் இருந்தான். ஒரு பன்னெண்டு இருக்கும். என்னா கேக்குற நீயி?

— ஒங்களக் கேக்கல மாமா. சித்தப்பா, வாளியக் கீழ வைங்க.

— காயணும் மகளே. ஈரத்தோட மாட்டுனா துருப் புடிக்கும்.

— நான் வந்ததுலருந்து அதே வாளியத்தான் தொடைக்கிறீங்க.

— ஆண்டவரே.

— ஏய், என்னாய்யா? வாளியப் போட்டுட்டு எதுக்குக் கீழ ஒக்காந்துட்ட?

— தலைவரே, நீங்க ஆறுன்னீங்க. ஓய்னேன். ஒரே இருமலு, கண்ணு எரியுது. ஏழுன்னீங்க.

— ஏழுன்னேன். சொல்லு.

— ஒம்போது வருசம் தலைவரே. ஏழுன்னா என் வாயி தானாத் தொறந்துக்கும். றோலண்டு என் இடுப்பு வாரப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே வந்துட்டான்னுதான் நெனச்சேன். பீலித் தண்ணியில கண்ணக் கழுவிட்டுத் திரும்புனா, வாருல கையி இல்ல.

— அப்ப தாப்பா?

— போட்டாச்சு. தட்டுற சத்தம் கேட்டுச்சு. கூரைத் தகரம் வெடிக்குதுன்னு நெனச்சேன். நெனச்சேனா, அப்புடி நெனச்சுக்கிட்டேனா, இன்னைக்கு வரைக்கும் தெரியல தலைவரே.

— மறுநா ஏன்டா சொல்லல? அந்தப் பயலத் திருடன்னு நான் தொரைகிட்ட சொன்னப்ப எம் பக்கத்துலதான நின்ன?

— நின்னேன்.

— கல்லற வேலிக்கு வெளிய குழி வெட்டுனப்ப நீதான மம்பட்டி புடிச்ச?

— புடிச்சேன்.

— திருடன் நம்பருன்னு சொல்லி அஞ்சு வருசமா ஏழாம் நம்பரையே விட்டுட்டு எண்ணுறேன். ஆறுக்கப்பறம் எட்டு. என்னைய என்னாவா ஆக்கி வச்சிருக்க நீயி?

— தெனம் வாயத் தொறப்பேன் தலைவரே. சத்தம் வராது.

— சரி. சரி இரு. பவுலின், கேளு தாயி. இன்னைக்கு மொதப் பேரா றோலண்டக் கூப்புடுறேன். மாலையும் போடுறேன். ஆனா காரணத்த மட்டும் வெளிய விட்டுறாத. இவன லயத்து வீட்டுல இருக்க விடமாட்டானுங்க. நாளப்பின்ன பத்திக்கிட்டா, எவனும் எவன் வாரையும் நம்பிப் பொகைக்குள்ள போகமாட்டான். ஒங்கம்மா நிம்மதியாக் கப்பலு ஏறட்டும். இது தெரிஞ்சா அவ தாங்குவாளா?

— அம்மாதான் எனக்குச் சொல்லுச்சு.

— என்னாது?

— நேத்து, பொட்டி கட்டயில. அன்னைக்குப் பொம்பளைங்க எல்லாம் இஸ்டோரு வாசல்லதான நின்னாங்க. ஏழுக்கு வந்தது மகன் கொரலு இல்ல, சித்தப்பா கொரலுன்னு அம்மாவுக்கு அப்பவே காதுல விழுந்துச்சு. புருசனுக்காக ஒம்போது வருசம் கேட்ட கொரலு. அதக் கேட்டா அவரு இருக்குற மாதிரி இருக்குமாம். அப்புடியே கண்ண மூடிக்கிச்சு. தொறக்கயில தாப்பா விழுந்துருச்சு. அம்மா வேற பயந்தாங்கொள்ளி, ஊரே நெருப்புக்கு முன்னால கத்திக்கிட்டு நிக்கயில, என் காதுதான் தப்பா இருக்கும்னு பேசாம நின்னுருச்சு. ஒங்களக் காப்பாத்த என் வாய மூடச் சொல்லல சித்தப்பா. தன்னைய மறைக்கத்தான் சொல்லியிருக்கு.

— மகளே, நான் என்னா செய்யணும் சொல்லு. ஒங்கால்ல விழவா?

— விழுந்து யாருக்கு என்னா? எந்திரிங்க.

— எங்க போற புள்ள? நில்லு. ஒங்கம்மா வரட்டும், நான் பேசுறேன். எங்க அவ?

— இஸ்டோருல. ஞாயித்துக்கெழமதான, மெசினு ஓடல. வாட்ச்சருகிட்ட சாவி வாங்கிக் கூட்டிப்போனேன். ட்ரையர் ரூம்புல, அண்ணன் கெடந்த எடத்துல நிக்குது. வெளித் தாப்பாள நாந்தான் போட்டுட்டு வந்தேன்.

— அடிப் பாவி. எதுக்கு?

— அம்மாதான் போடச் சொல்லுச்சு, மகன் நின்ன மாதிரி உள்ள நிக்கணுமாம். அன்னைக்கு அம்மா நின்ன வாசல்ல நான் போயி நிக்கிறேன். மாலையெல்லாம் வேணாம் மாமா. ஆறு மணிக்கு எல்லாரையும் அங்கயே கூட்டிட்டு வந்து எண்ணுங்க. ஏழுன்னு கூப்புடுங்க. எவனும் ஓய்னு சொல்லக் கூடாது. பதிலு வரலன்னா, போயி கதவத் தொறங்க.