காவலில்லாத சிப்பாய்

தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா. இந்தத் துணியை மட்டும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். நான் செஞ்சி கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரம் விற்கிற சாந்திராஜ் நயினார். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் வீராசாமி செத்து பத்து நாள்வரை என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பத்திரம் எழுதும் வீராசாமியும் நானும் ஐம்பத்தெட்டாம் வருடத்திலிருந்து ஆறு வருடம் வாசகசாலையில் சதுரங்கம் ஆடினோம். என் ஆட்டம் ஒன்றே ஒன்று. இரண்டாவது நகர்த்தலிலேயே மந்திரிக்கு முன் நிற்கும் சிப்பாயைக் காவல் இல்லாமல் தள்ளி வைப்பேன். எடுத்தால் எதிராளிக்கு ஒரு காய் லாபம். பிறகு விழும் அடியைத் தாங்க முடியாது. அவருக்கும் இது தெரியும். தெரிந்தும் எடுப்பார். சும்மா கிடைத்தால் எதையும் விடாத பிறவி.

நாங்கள் சமணர்கள். என் வீட்டில் காய்கறியைக்கூட வெட்டு என்று சொல்லும் வழக்கமில்லை, திருத்து என்போம். ஆட்டத்திலும் 'எடுத்துக்கொள்கிறேன்' என்றுதான் சொல்வேன். இந்தச் சித்திரையில் ஒரு நாள் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னா நயினாரே, எடுத்துக்கறது? வெட்னேன்னு வாயத் தொறந்து சொல்லு. அப்பத்தான் காய் சாவும்."

பத்துப் பேர் சிரித்தார்கள். ஜெயிக்கிற ஆட்டம், சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கடைத்தெருவில் எனக்கு 'வெட்டு நயினார்' என்று பேர். என் மனைவி ஜெயமாலா காதிலும் அது விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. கோபம் பாவம் என்பதால் வெளியே காட்டவில்லை.

ஆவணியில் ஒரு நாள் வானம் மூடிக்கிடந்தது. எள்ளுருண்டை நானே பிடித்து எடுத்துப்போனேன். பூச்சிமருந்து என் வீட்டில் கிடையாது, பூச்சியும் உயிர்தானே. கொல்லையில் பூசைக்குப் பூக் கொடுக்கும் அரளி இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"நீ துன்னலயா?"

"பொழுது போயிடுச்சு. நீங்க சாப்பிடுங்க."

"அப்ப எல்லாத்தையும் நானே ஒரு வெட்டு வெட்டிடறேன்."

கவனியுங்கள், அந்தச் சொல்லை அவர்தான் சொன்னார். ஆறு உருண்டையையும் தின்றார். மனைவி ராஜம்மாளுக்கென்று ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் நானும் தடுத்திருக்க மாட்டேன். மறுநாள் விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது மேகம் விலகி, ராஜகிரி மலைக்கு மேலே சூரியன் பளிச்சென்று நின்றது. ஜெயமாலா தட்டு வைத்தாள். முப்பது வருடப் பழக்கம். கை கழுவி உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் விசாரித்தபோது பெருமையாகச் சொன்னாளாமே: "அன்னிக்கும் அவரு வெயில்லதான் சாப்ட்டாரு. ஒரு நாளும் தவறமாட்டாரு." அதற்கு முன்பே வாசகசாலையில் 'பொழுது போயிடுச்சு' என்று நான் சொன்னதை நாலு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். விஷம் வைத்தது நான், எடுத்தது அவர். என் கையால் இதுவரை ஓர் எறும்புகூடச் செத்ததில்லை. வெளிச்சம் இருக்கும்போதே பொழுது போய்விட்டது என்று பொய் சொன்னேன். அந்த ஒரு பாவத்துக்கு என்ன தண்டனை உண்டோ, கொடுங்கள்.