கூப்பிட்ட குரலுக்கு

பல்பு மாட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கைராசி உண்டு, இன்ஸ்பெக்டர். நான் மாட்டியது லேசில் பியூஸ் போகாது. ஓய்வு பெற்ற மறுவாரமே முதியோர் உதவிக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன். "நம்ம வீட்டுக் குழாய் மூணு மாசமா ஒழுகுது, நீங்க ஊர்க் குழாய பாக்கக் கிளம்பிட்டீங்க" என்று என் மனைவி முணுமுணுத்தாள். சொந்த வீட்டுக் குழாயைச் சரிசெய்தால் யார் நன்றி சொல்லப்போகிறார்கள்?

எனக்கு ஒதுக்கிய வீடு தையல்கார அக்காவுடையது. எழுபது வயது, கணவர் இல்லை, தனிக்கட்டை. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. திங்கள்தோறும் போவேன். காய்கறியும் மருந்தும் வாங்கிக் கொடுத்து, தெருமுனைவரை கைப்பிடித்து நடத்திக் கூட்டிப்போவேன். பிடித்துக்கொண்டு எழுவதற்காகக் குளியலறைச் சுவரில் ஒரு கம்பியும் பொருத்தினேன். நாலு ஸ்க்ரூ. யானை தொங்கினாலும் அசையாது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே ஒரு சாவியையும் என்னிடம் கொடுத்துவைத்தார்.

எட்டே மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டார். போன திங்கட்கிழமை நான் போனபோது தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சட்டையாம். காய்கறியும் தானே போய் வாங்கி வந்துவிட்டாராம்.

"இனிமே நானே பாத்துக்கறேன், தம்பி. நீங்க முடியாதவங்க யாருக்காவது ஒத்தாசையா இருங்க. அந்தச் சாவிய மேஜை மேல வச்சிடுங்க."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போனேன். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். கம்பியின் நாலு ஸ்க்ரூவையும் கடைசிப் புரிவரை தளர்த்தி, பார்வைக்கு ஒட்டி நிற்கிற மாதிரி விட்டுவைத்தேன். அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். சாவியை வைக்கத்தான் மறந்துபோயிற்று.

அன்றிலிருந்து என் காலை நடை அந்தத் தெரு வழியாகத்தான். மூன்றாம் நாள் குளியலறை ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "யாராவது இருக்கீங்களா?"

யாராவது என்றால் அது நான் இல்லையே. ஜன்னலுக்கு வெளியே நின்றேன். நல்ல இளவெயில். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவள் வேலைக்குப் போயிருந்தாள். செத்துப்போன புருஷனைக்கூடக் கூப்பிட்டார். எட்டு மாதம் வந்து போனவன் நினைவுக்கு வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. குரல் தேய்ந்துகொண்டே வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒருவழியாக, "தம்பி" என்றார்.

இனி அவரால் எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கம்பியைத் தளர்த்தியது நான்தான், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். தாமதித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் கூப்பிட்ட மறுநொடி கதவைத் திறந்துவிட்டேன்.