இங்கிலீஷில் நல்ல மனுசன்

பதுளையிலிருந்து பண்டாரவளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் மடியில் சந்தைப் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரு இங்கிலீஷ்ல பேசுனாத்தான் நல்ல மனுசன், அக்கா.”

“என்னடி சொல்ற?”

“எல்ல டவுன்ல த்ரீவீல் ஓட்டுறாருல்ல, சுத்திப் பாக்க வர்ற வெள்ளைக்காரங்ககிட்டப் பேச வேண்டியத எல்லாம் ஒரு கொப்பியில எழுதி வச்சிருக்காரு. தோட்டத்து லயத்துல வேற யாருகிட்டப் பேசிப் பழகுறது? எங்கிட்டத்தான். தேத்தண்ணி குடுத்தா ‘தேங்க் யூ’. அதுக்கு நான் ‘வெல்கம்’னு சொல்லணுமாம். நான் சேல கட்ட நேரமானா ‘டேக் யுவர் டைம்’. சோறு தீஞ்சு போனாக்கூட ‘நோ ப்ராப்ளம்’.”

“முந்தி?”

“முந்தி சோறு தீஞ்சா தட்டு பறக்கும்.”

“அவரு பழகுறதுக்குத்தானடி சொல்றாரு.”

“சொல்லட்டுமே. பதினாலு வருசமா அதுகூட இல்லியே. அந்த வெள்ளைக்காரங்க நல்லா இருக்கணும்னு தெனமும் வெளக்கேத்துறப்ப கும்புடுறேன்.”

தெமோதரையில் பஸ் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். இளையவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நேத்து கொப்பிய த்ரீவீல்லயே விட்டுட்டு வந்துட்டாரு. சாப்பிட்டுக் கையக் கழுவிட்டு, ‘கொழம்பு நல்லா இருந்துச்சு புள்ள’ன்னாரு. தமிழ்ல, அக்கா.”

“நீ என்ன சொன்ன?”

“தமிழ்ல அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ‘வெல்கம்’னேன்.”