மாமனாரின் நோன்பு

ஊசி போடுவதில் என் வீட்டுக்காரருக்கு இருக்கும் சுத்தம் இந்த ராயபுரத்தில் எந்தக் கம்பவுண்டருக்கும் வராது, டாக்டர் ஐயா. கண்ணாடி சிரிஞ்சைத் தினமும் கொதிக்க வைப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நீங்கள் சொன்ன கோடு வரைக்கும்தான் மருந்தை இழுப்பார். நேற்று என் மாமனாரின் மய்யத்தைப் பக்கத்தில் கிடத்தி வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் "அளவு தப்பிப் போட்டிருப்பே" என்று அவரைச் சொல்லிவிட்டீர்கள். அதிலிருந்து அவர் சோற்றைத் தொடவில்லை. "நான்தான் வாப்பாவ கொன்னுட்டேன்" என்று சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். கேட்கப் பொறுக்காமல்தான் வந்தேன். அவர் போட்ட அளவு சரி.

என் மாமனார் கலீலுல்லா நல்ல மனிதர். மீன் குழம்பு வைத்தால் தலையை எனக்கு எடுத்து வைக்கச் சொல்வார். சர்க்கரை வியாதிக்கு நோன்பு ஆகாது என்று நீங்கள் கண்டித்தபோது நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஆனால் ரமலான் பிறந்ததும், மகன் ஊசி போட்டுவிட்டு ஹார்பருக்குக் கிளம்ப வேண்டியதுதான், நான் வைக்கும் இடியாப்பம் பின்பக்கமாகப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போய்விடும். ஊசி நோன்பை முறிக்காது, சோறுதான் முறிக்கும் என்பது அவர் கணக்கு.

முதல் வாரத்திலேயே ஒருநாள் வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, சுவரோரம் சாய்ந்துவிட்டார். நீங்கள் சொல்லி வைத்திருந்தபடி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தவர் குழந்தை மாதிரி அழுதார்.

"என் நோன்ப கெட்த்துட்டியேம்மா. எனுக்கு இன்னும் எத்தினி ரம்ஜான் கீது? பையன் கைல சொல்லாத."

சொல்லவில்லை. அன்றிலிருந்து ஆடு தின்பதையும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

பம்பாய்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். தனி வீடு உண்டாம். எங்களுக்கு இங்கே இருப்பது ஒரே அறை. நடுவில் போர்வையைக் கட்டி, அந்தப் பக்கம் மாமனார் இருமுவதைக் கேட்டுக்கொண்டேதான் இத்தனை வருடமும் குடும்பம் நடத்தினேன். போகலாமா என்று கேட்டேன்.

"வாப்பா கீற வரிக்கும் அந்தப் பேச்ச எடுக்காத" என்றார்.

நான் எடுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் வழக்கம்போல ஊசி போட்டுவிட்டு அவர் வேலைக்குப் போனார். ஆடு வழக்கம்போல வந்தது. கொஞ்ச நேரத்தில் மாமனாருக்கு வேர்த்தது, கை நடுங்கியது. சர்க்கரை டப்பா எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் போன தடவை அவர் அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. பெரியவர் ஆசையாக வைத்த நோன்பை இன்னொரு தரம் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை, ஐயா. அவ்வளவுதான் நடந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அளவு சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றதைச் சொல்ல வேண்டாம், அவர் தாங்கமாட்டார்.

உங்களிடம் ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன், ஐயா. நேற்று ராத்திரியெல்லாம் அதுதான் காதில் கேட்டது. மாமனாருக்கு இந்தத் தடவை நாக்குக் குழறவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தெளிவாகவே கேட்டார்.

"நோன்பு போனா போவுது. ஒரு வாய் சக்கர குடும்மா."

எனக்கு அன்று விலக்கு; நோன்பு கிடையாது. சர்க்கரை போட்ட டீ கையில் இருந்தது.

"நோன்பு, மாமா" என்று சொல்லிவிட்டு, ஆறுவதற்குள் குடித்து முடித்தேன்.